வாப்பாவின் தழும்பும் என் பயணமும்





கீழக்கரையில் எங்கள் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே நான்கே வீடுகள். பாங்கு ஒலிக்கும்போது சன்னல் கண்ணாடி மெல்ல அதிரும். ஆயினும் என் வாப்பாவுக்கு அது கேட்பதில்லை. செவிப்பொறி வைத்துக்கொண்டால் எதிரில் இருப்பவர் பேசுவது ஓரளவு விளங்கும். தொலைவிலிருந்து வரும் ஓசை எதுவும் எட்டாது. அதனால் ரமலான் மாதத்தில் என் காக்காவின் மகள், இரண்டு தெரு தள்ளியுள்ள தன் உம்மா வீட்டிலிருந்து மஃரிபுக்குச் சற்று முன்னர் வந்து வாப்பாவின் பக்கத்தில் அமர்ந்துகொள்வாள். பாங்கின் முதல் சொல் எழுந்ததும் அவருடைய மணிக்கட்டைத் தொடுவாள். அவர் பேரீச்சம்பழத்தை எடுத்து நோன்பு திறப்பார். நோயிலிருந்து மீண்டு அவர் மறுபடி நோன்பு பிடிக்கத் தொடங்கிய நாள் முதல் இதுவே வழக்கம். இது ஏழாவது ரமலான்.

2025 மார்ச் 24, 23-ஆம் நோன்பு. சென்னையிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். கஞ்சி, வடை, உம்மா தன் கையால் காய்ச்சி ஊற்றிய கடற்பாசி எல்லாம் விரிப்பில் இருந்தன. தொழுகை முடிந்து திரும்பிய காக்கா ஒரு தாளை என்னிடம் நீட்டினார். நுண்ணுயிரியல் முதுகலை இறுதியாண்டில் படிக்கும் அவருடைய மகளுக்கு ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருந்தது. அமெரிக்காவில் கிடைப்பதாக இருந்த இன்னோர் இடம், நிதியில்லை என்ற ஒற்றை வரி மின்னஞ்சலோடு போய்விட்டிருந்தது.

"தங்கச்சி, நீ போய் வந்தவள். அனுப்பலாமா வேண்டாமா, ஒரே சொல்லில் சொல்லிவிடு" என்றார் காக்கா.

என்னால் ஒரே சொல்லில் சொல்ல முடியவில்லை. பெருநாள் கழித்து எழுதித் தருகிறேன் என்றேன். ஷவ்வாலில் எழுதிய அந்தப் பதில்தான் இது. இதே கேள்வி நம்முடைய எத்தனையோ வீடுகளில் இன்று எழுந்துகொண்டிருப்பதால், வாப்பா, காக்கா இருவருடைய சம்மதத்தோடும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். வாப்பாவின் சம்மதம் ஏன் தேவைப்பட்டது என்பது படிக்கும்போது விளங்கும்.

எங்கள் ஊரில் சபர் என்பது ஆண்களுடையது. ஆண்கள் கடல் கடந்து போவார்கள். பெண்கள் பிறந்த வீட்டிலேயே வாழ்வார்கள். திருமணமான பின்னும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் வாப்பாவும் சபராளிதான். வளைகுடாவில் ஒரு கடையில் கணக்கெழுதினார். 1994-இல் இடைவிடாத இருமலோடு ஊர் திரும்பினார். எனக்கு அப்போது வயது 10. "நெஞ்சுச் சளி" என்று உம்மா சொன்னார். தனியே ஒரு தட்டு, தனியே ஒரு குவளை. சில மாதங்கள் மாத்திரை விழுங்கினார். நான்காம் மாதம் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. மாத்திரையை நிறுத்திவிட்டார். நிறுத்தக்கூடாது என்று எவரும் அவருக்கு அழுத்திச் சொல்லவில்லை.

1996-இல் புதிய விசா வந்தது. மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னை போனவர் மறுநாளே திரும்பி வந்தார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு தழும்பு. சான்றிதழில் ஒரே சொல்: அன்ஃபிட். உயிரோடிருக்கும் கிருமிக்கும் ஆறிப்போன தழும்புக்கும் அந்தப் படிவத்தில் வேறுபாடு இல்லை. "அங்கே வேலை போய்விட்டது" என்று எங்களிடம் சொன்னார்கள். வாப்பா கடைத்தெருவில் ஒரு சிறிய எழுதுபொருள் கடை வைத்தார். அதற்குப் பிறகு அவர் விமானம் ஏறவே இல்லை.

அது காசநோய் என்பது எனக்குத் தெரிந்தது 2008-இல். முதுகலை முடித்து, சென்னையில் காசநோய்க் கிருமி குறித்த ஆய்வில் சேரப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். வாப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு பீரோவிலிருந்து அந்தப் பழைய எக்ஸ்ரேயை எடுத்துவந்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இதைத்தானே படிக்கப் போகிறாய்? போ. என்னை நிறுத்தியது எதுவென்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

சென்னையில்தான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். காசநோய் வரலாற்றில் அந்நகருக்குப் பெரும் இடம் உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு என்று சானடோரியத்தில் கிடந்தால்தான் காசநோய் தீரும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை நெரிசலான அவர்களுடைய வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. வாப்பாவின் தனித் தட்டும் தனிக் குவளையும் தேவையே இல்லை என்பது நான் பிறப்பதற்கு 25 ஆண்டுகள் முன்பே, எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் தெரிந்திருந்த செய்தி. அது எங்கள் வீட்டு அடுக்களைக்கு வந்து சேரவில்லை.

முனைவர் பட்டம் முடிந்து 2014-இல் பெர்லினில் முதுமுனைவர் ஆய்வுக்கு அழைப்பு வந்தது. அதற்குள் எனக்குத் திருமணமாகியிருந்தது. என் கணவர் மதுரையில் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். பெண் தனியே அவ்வளவு தூரம் போவதா என்று குடும்பத்தில் பெரிய பேச்சு எழுந்தது. அவர் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். சபராளியின் மனைவி என்பது எங்கள் ஊருக்குப் பழகிய சொல். சபராளியின் கணவர் என்பதற்கு எங்களிடம் சொல்லே இல்லை. முதல் ஒன்றரை ஆண்டு அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஜெர்மன் மொழி படித்தார், சமைத்தார், வெள்ளிக்கிழமைகளில் துருக்கியர் பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். ஊரிலிருந்து அழைப்பவர்கள் "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சிறுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய அந்த ஒன்றரை ஆண்டு எந்தத் தற்குறிப்பிலும் இடம்பெறாது. என் ஆய்வுக் கட்டுரைகளில் அதற்குப் பங்குண்டு.

பெர்லினில்தான் 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். ஆண்டுதோறும் அந்நாள் உலகக் காசநோய் நாளாக நினைக்கப்படுகிறது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, கோடையில் கிருமிகளை வளர்க்கும் ஜெலட்டின் உருகிவிடுவதால் திண்டாடினார். அவர் மனைவி ஃபேனி, தாம் சமையலில் பயன்படுத்தும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். நியூயார்க்கில் வளர்ந்த அவர் அதை அறிந்தது ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஓர் அண்டை வீட்டாரிடமிருந்து. அகர் உடற்சூட்டிலும் இளகாது. பெரும்பாலான கிருமிகளால் அதைக் கரைக்கவும் இயலாது. அன்று முதல் இன்று வரை உலகின் எல்லா நுண்ணுயிரியல் கூடங்களும் அதன்மீதுதான் கிருமிகளை வளர்க்கின்றன. கோக் தம் கட்டுரையில் அகரைப் பற்றி ஒரு வரி எழுதினார். ஃபேனியின் பெயரை எழுதவில்லை.

அகர் வேறொன்றுமில்லை, நம் நோன்பு திறக்கும் விரிப்பில் இருக்கும் கடற்பாசிதான். எங்கள் மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. 2015-இல் மொராக்கோ பாசி ஏற்றுமதியைக் குறைத்தபோது உலக ஆய்வுக்கூடங்களில் அகருக்குத் தட்டுப்பாடு வந்தது. பெர்லினில் என் சக ஆய்வாளர்கள் கவலையோடு பேசிக்கொண்டிருக்க, எனக்கு உம்மாவின் கடற்பாசிக் கிண்ணம்தான் கண்ணில் நின்றது. ஜாவாவின் அடுக்களை அறிவு நியூயார்க் வழியாக ஜெர்மனிக்குப் போய் உலகத்தின் அறிவியலாயிற்று. அறிவு ஒருபோதும் ஒரே ஊரில் உட்கார்ந்து வளர்ந்ததில்லை.

பெர்லினில் ஜூன் மாத நோன்பு 18 மணி நேரத்தையும் தாண்டும். பாங்கோசை இல்லை, கைப்பேசியில் நேரம் பார்த்துத் திறப்போம். காசநோய்க் கிருமியைக் கையாளும் உயர்பாதுகாப்புக் கூடத்துக்குள் நுழைவோர் அனைவரும் தலைமுடியை முழுதும் மூடி, முகத்தை மறைத்து, உடல் முழுக்க அங்கி அணிய வேண்டும். தெருவில் என் தலைத்துணியை உற்றுப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் கூடத்துக்குள் மட்டும் எல்லோரும் என்னைப் போலவே இருந்தார்கள். ஒருநாள் சக ஆய்வாளர் ஒருவரே இதைச் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு அவரோடு எனக்கு நல்ல நட்பு ஏற்பட்டது.

2016 செப்டம்பர். காணொலி அழைப்பில் வாப்பா இருமினார். "பனிதான்" என்றார் உம்மா. கீழக்கரையில் செப்டம்பரில் ஏது பனி? அடுத்த வாரமும் இருமல். கன்னம் ஒட்டியிருந்தது. பேச்சை மாற்றினார்கள். சளிப் பரிசோதனை செய்யாவிட்டால் அடுத்த விமானத்தில் வருவேன் என்று நான் கத்திய பிறகுதான் காக்கா அழைத்துப் போனார். இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும் மரபணுச் சோதனை: காசநோய் உண்டு, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத வகை.

அந்தச் சொல்லின் பொருள் உலகிலேயே மிக நன்றாகத் தெரிந்த மகள்களில் நானும் ஒருத்தி. காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவது. சாதாரணக் குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். இது இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத்தொகை 1998-இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. கிருமி பெருகும்போது அரிதாக ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றம் ஆர்.பி.ஓ.பி என்ற மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியில் நேர்ந்தால், ரிஃபாம்பிசின் கிருமியைப் பற்றிக்கொள்ள முடியாமல் போகலாம். நோயுற்ற நுரையீரலின் ஒரு குழிக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றுள் அப்படி மாறியவை ஒரு சில இருந்தே தீரும். அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்து, முழு மாதங்களும் கொடுக்கிறோம். மருந்தை இடையில் விட்டால் எளியவை இறந்திருக்கும், வலியவை தங்கியிருக்கும். வாப்பாவிடம் இருந்தது 1994-இன் மிச்சமா, புதிதாகத் தொற்றியதா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சளி மாதிரி எதுவும் இல்லை. அவர் மட்டும் "நான் நிறுத்தியதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்நாளைய சிகிச்சை இரண்டு ஆண்டுகள். முதல் ஆறு மாதங்களுக்கும் மேலாகக் கனாமைசின் ஊசி. அந்த மருந்து உட்காதின் மெல்லிய மயிர்ச் செல்களைக் கொல்லக்கூடியது. இறந்த செல்கள் மீண்டும் முளைக்கா. பெடாகுயிலின் என்ற புதிய மாத்திரைக்கு அமெரிக்கா 2012-இலேயே ஒப்புதல் தந்திருந்தது. இந்தியாவில் 2016-இல்தான், அதுவும் ஆறு மையங்களில் மட்டும், வரையறுத்த நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். வாப்பா அந்த வரையறைக்குள் வரவில்லை.

என் ஆய்வு மேசையின் உறைபெட்டியில் ஒரு சிறு குப்பி இருந்தது. அதில் சில மில்லிகிராம் பெடாகுயிலின். கிருமிகளின்மேல் சொட்டிச் சொட்டி அது எவ்வாறு அவற்றின் ஆற்றல் ஊற்றை அடைக்கிறது என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கான தூள் மனிதருக்கான மருந்தன்று, அளவும் அற்பம். தெரிந்திருந்தும் ஓரிரவு அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பிறகு இருந்த இடத்தில் வைத்துவிட்டு, தொழுகை விரிப்பில் விழுந்து அழுதேன்.

மூன்று வாரம் விடுப்பில் ஊருக்கு வந்தேன். திரும்பிப் போக மனமில்லை. வாப்பா சொன்னார்: "நான் சபரில் இருந்தபோது என் வாப்பா மௌத்தானார். தந்தி மூன்று நாள் கழித்து வந்தது. நான் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். நீ அப்படியில்லை, நீ இந்த நோயோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறாய். போய் அதைச் செய்." போனேன். 2017 மார்ச்சில் ஒருநாள் காணொலியில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். வாப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். நான் சொல்வது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

2018 அக்டோபரில் அவர் முழுதும் குணமடைந்தார், அல்ஹம்துலில்லாஹ். அதற்கு இரு மாதங்கள் முன்புதான், 2018 ஆகஸ்டில், கனாமைசினை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது.

பிறகு நடந்தவை நல்ல செய்திகள். பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கு மருந்துகள் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை 2022-இல் அந்நிறுவனம் பரிந்துரைத்தது; 2024 செப்டம்பரில் இந்தியா ஏற்றுக்கொண்டது. ஊசியே இல்லை. எம்72 என்ற புதிய தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. 1921-இல் வந்த பி.சி.ஜி-க்குப் பிறகு நமக்கு வேறு காசநோய்த் தடுப்பூசி கிடையாது. கணினிக்குக் கற்பித்து ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களிலிருந்து நுண்ணுயிர்க்கொல்லியைத் தேடும் முறை 2020-இல் ஹாலிசின் என்ற மூலக்கூற்றை அடையாளம் காட்டியது. மறுபுறம், பெடாகுயிலினுக்கே கட்டுப்படாத கிருமிகளும் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. 2023-இல் உலகில் 1.08 கோடிப் பேர் காசநோய்க்கு ஆளானார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயுற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டவர். எந்த நோய்க்கும் மருந்தை வைத்தே அல்லாஹ் அதை இறக்கியிருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. தேடும் வேலையை அவன் நம்மிடம் விட்டிருக்கிறான். இப்னு சீனாவையும் அர்ராஸியையும் மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். நம் தெருவில் ஒரு பிள்ளை அந்த வேலைக்குப் புறப்படும்போது தயங்குகிறோம்.

இனி, காக்காவுக்கும் உங்களுக்கும் நடைமுறையாகச் சில செய்திகள்.

ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. இயற்கை அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு இலட்சக்கணக்கில் பணம் கட்டச் சொல்லும் முகவரை நம்ப வேண்டாம். முதுகலை படிக்கச் செல்வோர் வாழ்க்கைச் செலவுக்காக 2025-இல் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. சம்பள ஒப்பந்தம் உள்ள ஆய்வு மாணவருக்குப் பொதுவாக இது தேவைப்படாது. வளைகுடா மருத்துவக் கூடங்களில் வேலை தேடுவோர், தம் நுண்ணுயிரியல் பட்டத்தை அந்நாட்டு உரிம விதி ஏற்கிறதா என்பதைப் படிப்பில் சேரும் முன்பே பார்க்க வேண்டும். பொது நுண்ணுயிரியலும் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பமும் வெவ்வேறு பட்டங்கள்.

எந்த நாட்டின் வாசலும் நிலையாகத் திறந்திருப்பதில்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆய்வு நிதி வெட்டப்பட்டபோது சில பல்கலைக்கழகங்கள் கொடுத்த இடங்களையும் திரும்பப் பெற்றன. காசநோய் ஆய்வுகள் சிலவும் பாதியில் நின்றன. ஜெர்மனியிலும் பல்கலைக்கழக ஒப்பந்தப் பணிக்குக் கால வரம்பு உண்டு: பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு. எனக்கு அந்த இரண்டாவது ஆறு ஆண்டு 2020-இல் முடிந்தது. மறுபக்கம், இடம் மாறுவதையே தகுதியாகக் கேட்கும் நிதிகளும் உள்ளன. ஐரோப்பாவின் மேரி கியூரி நல்கைக்கு, முந்தைய 36 மாதங்களில் அந்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. 2020-இல் நோபல் பெற்ற நுண்ணுயிரியலாளர் எம்மானுவேல் சார்பென்டியே ஐந்து நாடுகளில் பணியாற்றியவர். படிப்பவர்கள் அந்தப் பரிசைப் பார்க்கிறார்கள். அத்தனை முறை பெட்டி கட்டியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திரும்பி வரவும் வழி உண்டு. உயிர்தொழில்நுட்பத் துறையின் இராமலிங்கசுவாமி மறுவரவு நல்கை போன்றவை வெளிநாட்டில் பணியாற்றியோரை மீண்டும் அழைப்பதற்காகவே உள்ளன. நானும் அப்படியொரு நல்கையோடு சென்னைக்குத் திரும்பினேன். கருவிகள் பழுதானால் பொறியாளர் வர ஒரு மாதம் ஆகிறது. வேதிப்பொருள் வந்து சேர மூன்று மாதம். ஆயினும் நோயாளியும் மருந்தும் நானும் ஒரே ஊரில் இருக்கிறோம். வாப்பாவுக்குக் கிடைக்காத ஆறு மாதச் சிகிச்சையில் இருப்பவர்களின் மாதிரிகள் இப்போது என் மேசைக்கு வருகின்றன.

காக்கா, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அனுப்புங்கள். ஆனால் இழப்பு எதுவும் இராது என்று நினைத்து அனுப்ப வேண்டாம். நான் போனதில் வாப்பாவின் கேட்கும் திறன் பறிபோகவில்லை. இருந்திருந்தாலும் அதைக் காத்திருக்க முடியாது. அது அறிவுக்குத் தெரியும், நெஞ்சு இன்னும் ஒப்பவில்லை. அவளுக்கும் ஏதோ ஓர் இரவில் அப்படியொரு கணக்கு தீராமல் நிற்கும். அப்போது "அதற்குத்தான் போக வேண்டாம் என்றோம்" என்று நம்மில் எவரும் சொல்லக் கூடாது. அந்த உறுதியை அவளுக்குக் கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் எவருக்கேனும் நோய் வந்தால் அவளிடம் மறைக்கவும் வேண்டாம். நம் வீட்டில் கிருமியைவிட மறைத்தலே அதிகம் கெடுத்தது.

இதை அனுப்பும் முன் வாப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். எக்ஸ்ரே பற்றி எழுதிய இடத்தில் நிறுத்தி, "இது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா?" என்று கேட்டார். நீக்கிவிடுகிறேன் என்று எழுதிக் காட்டினேன். சற்று நேரம் கழித்து, "இருக்கட்டும். எவனாவது மாத்திரையை நிறுத்தாமல் இருப்பான்" என்றார்.

பிறகு நான் எழுதாமல் விட்டிருந்த ஒன்றை நானே கேட்டேன். அடுத்த ரமலானில் உங்கள் கையை யார் தொடுவார்கள் என்று தாளில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே கடல் இருக்கும் திசையைப் பார்த்தார். "பாங்கே இல்லாத ஊரில் நீ ஆறு வருடம் நோன்பு திறந்தாய். எனக்குச் சூரியன் மறைவது தெரியும். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றார்.

அப்படிச் சொன்னவர், அன்று மாலை பேத்தி வந்தபோது வழக்கம்போல் தன் கையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார். ஷவ்வால் நோன்பு பிடித்திருந்தார். அவள் தொடும் வரை பேரீச்சம்பழத்தை எடுக்கவில்லை.

வெளியூர்களில் கல்வி தேடும் நம் பிள்ளைகள் அனைவருக்கும், மருந்து மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கும் நோயாளிகள் அனைவருக்கும் துஆ செய்யுங்கள். எங்களையும் உங்கள் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.